கிடார் வாசித்தால் கழுத்து ஏன் வலிக்கிறது?

உழைப்பவை விரல்கள், வலிப்பதோ கழுத்தும் தோளும். ஏன்?

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் முதுகெலும்பே அதில் பெரும்பகுதியைத் தாங்கிவிடும். கிடாரின் கழுத்திலுள்ள உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளைப் பார்க்கக் குனிந்ததும் தலை முன்னால் சரிகிறது. விழாமல் இழுத்துப் பிடிப்பவை கழுத்தின் பின்புறத் தசைகள். நீட்டிய கையில் தண்ணீர்க் குடத்தைப் பிடித்திருப்பது போன்ற வேலை அது. அசையாமல் இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது, கடுப்பு ஏறுகிறது. பருமனான அகூஸ்டிக் கிடார் என்றால் வலது தோளும் காதை நோக்கி உயர்ந்தே நிற்கும்.

கிடாரைத் தேடித் தலை போகக் கூடாது, கிடார்தான் தலையை நோக்கி வர வேண்டும். கிளாசிகல் கலைஞர்கள் இடது பாதத்தைச் சிறு பலகைமேல் வைப்பது இதற்காகவும்தான்: கிடாரின் கழுத்து உயர்ந்து, கண்ணுக்கு அருகே வருகிறது. உட்கார்ந்து வாசிக்கும்போதும் ஸ்டிராப் போடுவது நல்லது. நின்று வாசிப்பவர்களுக்கு அகலமான ஸ்டிராப். 4 கிலோவைத் தாண்டும் லெஸ் பால் போன்ற எலெக்ட்ரிக் கிடார்களின் பாரம் அதில் பரவிவிடும். பெரும்பாலான கிடார்களில் கழுத்தின் மேல்விளிம்பில் சிறு புள்ளிகள் உண்டு. எந்த ஃபிரெட் என்று வாசிப்பவர் குனியாமல் பார்க்கவே அவை. பலர் கவனிப்பதே இல்லை.

அரைமணிக்கொரு முறை கிடாரை இறக்கிவைத்துத் தோள்களைச் சுழற்றுங்கள். கையில் மரத்துப்போதலோ பலவீனமோ தெரிந்தால், வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.