விருந்தாளியாகப் போகாதீர்கள்!

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்ற பேச்சு எல்லார் வீட்டிலும் எழும். கொல்லையும் கிணறுமாக ஓர் உறவுக்காரர் வீடு இருந்துவிட்டால் கவலையே இல்லை. எங்களுக்கு அப்படி வாய்த்தது எக்கியார்குப்பத்தில் இருக்கும் என் சின்னம்மா வீடு. மரக்காணத்தை அடுத்த கடலோர ஊர். ஒரு பக்கம் கடல். மரக்காணம் பக்கம் திரும்பினால் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். சின்னம்மாவின் மணல் கொல்லையில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்!), நாலு தென்னை, ஓரமாகச் சவுக்கு.

இப்படிப்பட்ட இடத்தில் தங்கம் எது தெரியுமா, சகோதரிகளே? தண்ணீர்!

மழைநீர் மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. நல்ல நீர் லேசு. உப்பு நீர் கனம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம்வரை அது உப்பு நீரை அண்டவிடாது என்பது நிலத்தடி நீர் நிபுணர்களின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தாலோ, கீழே உப்பு நீர் 40 அடிவரை ஏறிவிடக்கூடும். சின்னம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால், "மோட்டாரை ஒரேயடியா ஓட்டாதே பொண்ணே, தண்ணி கரிச்சுப் போவும்" என்பாள். இரண்டும் ஒன்றுதானே!

நாலு பேர் போய் இறங்குகிறோம். ஆளுக்குத் தினம் இரண்டு வாளி குளியல் என்றாலே எட்டு வாளி. துணி, பாத்திரம் தனி. குடிநீரோ தெருக்குழாயில் பிடித்துக் குடத்தில் வரவேண்டும். சுமப்பது யார்? முழங்கால் வலியுள்ள சின்னம்மாவும், கைக்குழந்தைக்காரியான அவள் மருமகளும்தான். விடுமுறை நமக்கு, அவர்களுக்கு இரட்டை வேலை. ஒருநாள் சின்னம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வராதேன்னு சொல்ல வாய் வருமா? ஒறவுங்க வந்தாத்தானே வூடு. அவங்க போன பின்னாடி ரெண்டு நாள் படுத்துக்குவேன், அவ்ளோதான்." சிரிப்போடு சொன்னதுதான். ஆனால் மனசில் தைத்தது.

ஆகவே, இப்படி உறவு வீட்டுக்குப் போகிறவர்கள் விருந்தாளியாகப் போகாமல் வீட்டு மனுஷியாகப் போங்கள். தெருக்குழாய்க்குப் போகும் முறையைப் போன அன்றே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைச் சமையல் உங்களுடையதாக இருக்கட்டும். குளிக்கும் தண்ணீர் தென்னைக்குப் போகும்படி அங்கேயே நின்று குளிக்கலாம். பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம்.

பிள்ளைகளையும் வேலையில் சேருங்கள். சித்திரையில் இறைவை மல்லாட்டை பிடுங்கும்போது, காலை வெயில் ஏறுமுன் நிழலில் உட்கார்ந்து காய் ஆயட்டும். பூ மேலே பூத்து, காய் மண்ணுக்குள் காய்க்கும் அதிசயத்தைச் செடியிலேயே காட்டுங்கள். விடியற்காலையில் உப்பளத்துக்கும் கூட்டிப் போங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. வெயிலில் அது விளைய, அதே வெயிலில் நின்று பெண்கள் வாரிச் சுமக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அந்த வேலையும் நின்றுவிடும். இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் பதியுமா?

இளம் தாய்மார்களுக்குச் சில எச்சரிக்கைகள். ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு, எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டுமே போதும், அடிக்கடி கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் சொல்லியுள்ள அளவு நல்ல குடிநீரில் கரையுங்கள். கரிக்கும் கிணற்று நீர் கூடவே கூடாது. உப்பு அதிகமாகிக் குழந்தைக்கு ஆபத்தாகும், கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. நாலு வயதுக்குள்ளான பிள்ளைக்கு முழு மல்லாட்டை தராதீர்கள்; மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். வேகவைத்து மசித்துத் தாருங்கள். கிணறும் கடலும் உள்ள ஊரில் பிள்ளையின் மேல் ஒரு பெரியவரின் கண் எப்போதும் இருக்கவேண்டும்.

கிளம்பும்போது அன்போடு ஒரு மூட்டைக் கல்லுப்பு கட்டித் தருவார்கள். ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தினச் சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பே நல்லது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் அவசியம்.

காசு கொடுத்தால் வாங்கமாட்டார்கள். வருஷத்துக்கு வேண்டிய மல்லாட்டையைச் சந்தை விலை கொடுத்து அவர்களிடமே வாங்குங்கள், அதை மறுக்கமாட்டார்கள். போர்வைகளைத் துவைத்து மடித்து, குடங்களை நிரப்பி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

இன்னொன்று. கொல்லை வேலை குறைந்த ஐப்பசி, கார்த்திகையில் அவர்களை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். பத்து நாள் குடம் தூக்கவிடாமல், உட்கார வைத்துச் சோறு போடுங்கள். உறவு என்பது போவது மட்டுமா? வரவழைப்பதும்தானே!