பூச்சரம் ஏன் ஓரத்தில் அறுகிறது?

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கிய செண்டுமல்லிச் சரத்தைக் கல்யாண வரவேற்பு மேசையின் முன்னே இரு முனையிலும் கட்டுங்கள். அது தானாக வளைந்து தொங்கும். அந்த வளைவு பரவளையத்தை ஒத்தது என்றார் கலிலியோ. இல்லை, அது தனி வளைவு என்று 1691-இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் காட்டினர்.

நூலால் தன் நீளவாக்கில்தான் இழுக்க முடியும். நடுவில் அந்த இழுப்பு கிடைமட்டம். ஓரத்துக்குப் போகப்போகப் பூக்களின் எடையும் சேர்கிறது. நூல் மேலும் செங்குத்தாகச் சாய்கிறது, இழுவிசை கூடுகிறது. அறுந்தால் பெரும்பாலும் முடிச்சருகேதான்.

‘இன்னும் விறைப்பாகக் கட்டுங்க’ என்று சொல்ல ஒரு பெரியப்பா எப்போதும் இருப்பார். தொய்வைப் பாதியாக்கினால் கிடைமட்ட இழுப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். வாடாமலிருக்கத் தெளிக்கும் தண்ணீரும் எடைதான். நடுவில் இன்னொரு கட்டுப் போட்டு, அதே வடிவில் இரண்டு சிறு தொங்கலாக்கினால் இழுவிசை பாதியாகிவிடும்.