பழைய கணினிக்குப் புதிய உறுப்பு



ரெப்பா, கெமெஞ்சே, கிம்மாஸ் என்று நம் தம்பின் வட்டாரத்தில் பல வீடுகளில் இன்று ஒரு பழைய கணினி இருக்கிறது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பள்ளிப் பாடம் வீட்டுக்குள் நுழைந்த காலத்தில், யாரோ கழித்துக் கட்டியதை விலை பேசி வாங்கி வைத்த பெட்டிதான் அநேகமாக அது. ஆண்டுகள் ஓடின, பெட்டியும் தளர்ந்தது. "ரேம் கூட்டினால் சரியாகிவிடும், ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் பறக்கும்" என்கிறார் கடைக்காரர். நூறோ இருநூறோ வெள்ளி செலவழித்துப் புதிய பாகத்தைப் போட்ட பிறகு, கணினி தொடக்கத் திரையிலேயே சிலைபோல நின்றுவிடுகிறது. விசைகளைத் தட்டினாலும் அசைவில்லை. "போர்டு போய்விட்டது, வேறு வாங்குங்கள்" என்று தீர்ப்பு வருகிறது. அந்தத் தீர்ப்பை ஏற்பதற்கு முன் நடத்தவேண்டிய விசாரணையைப் பற்றி இன்று பேசுவோம்.

கணினியின் பொத்தானை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது? நம் பெரியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிடுவார். ஆள் வந்தாயிற்றா என்று பார்த்த பிறகுதான் வேலைக்கு நிரை பிரித்து அனுப்புவார்கள். கணினியிலும் அப்படி ஒரு கிராணி உண்டு. அதன் பெயர் பயாஸ். நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்த பிறகே அது விண்டோஸை எழுப்பும். 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியிலேயே இந்தப் பெரட்டு இருந்தது. புதிதாக வந்த ஆளின் கணக்குப் புரியாவிட்டால் கிராணி அங்கேயே நின்றுவிடுவார். வேலை தெரிந்த மற்ற ஆட்கள் எல்லாரும் களத்தில் காத்துக் கிடப்பார்கள்.

இது கற்பனை உவமை மட்டுமன்று. 1990-களின் இறுதியில் உலகெங்கும் பல கணினிகளில் இதுவே நடந்தது. அக்காலத்து அவார்டு பயாஸ்கள் சிலவற்றுக்கு 33.8 ஜிகாபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதைவிடப் பெரிய டிஸ்க்கைப் பூட்டினால், அதன் அளவைக் கேட்ட இடத்திலேயே கணினி உறைந்துவிடும். டிஸ்க் நல்ல டிஸ்க். போர்டும் நல்ல போர்டு. டிஸ்க் உற்பத்தியாளர்கள் இதற்குச் செய்த வைத்தியம் வேடிக்கையானது. டிஸ்க்கின் பின்புறமுள்ள சிறு ஊசிகளில் ஒரு குப்பியை மாற்றிச் செருகினால், டிஸ்க் தன் அளவைக் குறைத்துச் சொல்லும். கிராணிக்குத் தெரிந்த கணக்குக்குள் அடங்கியதும் கணினி எழுந்துவிடும்!

இனி நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். திரையில் ஓர் எழுத்துகூட வராமல், "கீ கீ" என்று ஒலி மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் ரேம்மைச் சந்தேகிக்க வேண்டும். உற்பத்தியாளர் பெயர் தோன்றிய திரையில் நின்றால், டிஸ்க், ரேம், அல்லது வெளியே செருகிய ஏதாவது ஒன்று. பெண்டிரைவைச் செருகியபடியே விட்டிருந்தாலும் சில பழைய பெட்டிகள் நகர மறுக்கும். பிள்ளைகள் செய்கிற வேலை இது. முதலில் அதைப் பிடுங்கிப் பாருங்கள். விண்டோஸ் அடையாளம் வந்த பிறகு நின்றாலோ நீலத் திரை வந்தாலோ, பெரட்டு முடிந்துவிட்டது என்று பொருள்.

அடுத்து, புதிதாகப் போட்டதைக் கழற்றிவிட்டு, பழையபடி வைத்துப் பாருங்கள். சுவரில் பிளக்கைப் பிடுங்கி, பொத்தானைச் சில வினாடி அழுத்திவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டபின் கை வையுங்கள். மின்சாரம் வரும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்தாலும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில், ஐந்தாம் படிவம் படிக்கும் பெண் ஒருத்தியின் கணினிக்கு ஒரு கடையில் 8 ஜிகாபைட் ரேம்மும் புதிய எஸ்.எஸ்.டி.யும் போட்டார்கள். பழைய டிஸ்க்கிலிருந்த விண்டோஸைப் புதியதில் நகலெடுத்தும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டி உறைந்துவிட்டது. "போர்டு போச்சு, 400 வெள்ளிக்கு வேறு பெட்டி தருகிறேன், பழைய டிஸ்க்கை அழித்து அதில் பூட்டிவிடலாம்" என்றார் கடைக்காரர். அவள் செய்து முடித்த பள்ளித் திட்டவேலை, இறந்துபோன பாட்டியின் படங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. தாயார் கொடுக்க மறுத்துவிட்டார்.

புதிய ரேம்மைக் கழற்றியதும் பெட்டி விண்டோஸ் வரை வந்தது. அங்கே நீலத் திரை காட்டி நின்றது. ஆகவே, கோளாறு ஒன்றல்ல, இரண்டு! அந்த போர்டு ஏற்கும் ரேம் வகை வேறு. கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். மற்றதற்குக் காரணம் காசளவு பேட்டரி. சி.ஆர். 2032 என்ற அந்த 3 வோல்ட் பேட்டரிதான், கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுகிறது. பல பழைய போர்டுகளில் பயாஸின் குறிப்புகளையும் காக்கிறது. வேலை செய்யும்போது அதைக் கழற்றியிருக்கிறார்கள். டிஸ்க்கோடு எம்முறையில் பேசவேண்டும் என்ற குறிப்பு அழிந்து, ஏ.எச்.சி.ஐ. என்று இருந்தது ஐ.டி.இ. என்று மாறிவிட்டது. பயாஸுக்குள் போய்த் திரும்ப மாற்றியதும் விண்டோஸ் எழுந்தது. செலவு ஒரு சென்னும் இல்லை. நீங்கள் இதைச் செய்வதானால், முன்பு என்ன இருந்தது என்று தாளில் எழுதிக்கொண்டு மாற்றுங்கள்.

ரேம் பற்றி இன்னும் சில சொல்லவேண்டும். மேசைக் கணினியின் டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 இரண்டுக்கும் நீளம் ஒன்று, தொடுமுனைகளும் 240. நடுவிலுள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். உட்காராவிட்டால் அழுத்தாதீர்கள். வகை சரியாக இருந்தும் உறைந்தால், ஒரே ஒரு துண்டை ஒவ்வொரு குழியிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தொடுமுனைகளில் கறை படியும். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தாலே எழுந்துவிடும் பெட்டிகள் உண்டு. ரப்பர் நம்மைக் கைவிடுவதில்லை!

போர்டின் மேல் நிற்கும் சிறு உருளைகளின் தலை உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ கதை வேறு. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் செய்யப்பட்ட போர்டுகள் பலவற்றில் இந்த உருளைகள் குறையுள்ளவையாக வந்தன. அப்படிப்பட்ட பெட்டிக்குப் புதிய பாகம் வாங்குவது, பட்டுப்போன மரத்தில் பால் வெட்டுவது போன்றது.

பெட்டியைக் கடைக்குக் கொடுக்கும்போது, கழற்றிய பழைய ரேம், டிஸ்க் இரண்டையும் திரும்பக் கேட்டு வாங்கி வாருங்கள். புதியது நின்றுவிட்டால் சோதித்துப் பார்க்க ரேம் வேண்டும். டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டிப் பிள்ளையின் பாடங்களை எடுத்துக்கொள்ளலாம்.