ஒரே சீட்டில் இரண்டு மனசு!

குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. வேலைக்குப் போனால் அதை யார் பார்ப்பது? போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு! இந்தத் தர்மசங்கடம் நமக்கு மட்டுந்தான் என்று நினைக்கிறீர்களா? டாலர் புரளும் அமெரிக்காவிலும் இதே கதைதான். தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு நோய்க் காலத்தில் சம்பளத்துடன் லீவு கொடுத்தே தீரவேண்டும் என்ற பொதுச் சட்டம் அந்த நாட்டில் கிடையாது.

அங்கே மிஸ்ஸூரி என்று ஒரு மாநிலம். ஜனங்கள் போதிய கையெழுத்துத் திரட்டினால், ஒரு சட்டத்தையே தேர்தல் சீட்டில் ஏற்றி, 'வேண்டும்', 'வேண்டாம்' என்று ஓட்டுப் போடலாம். 2024 நவம்பர் 5-ஆம் தேதித் தேர்தலில் அப்படி ஒரு சட்டம் வந்தது. 2026-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். 30 மணி நேரம் உழைத்தால் 1 மணி நேரம் சம்பளத்துடன் லீவு. சொந்த நோய்க்கும் எடுக்கலாம், வீட்டாரின் நோய்க்கும் எடுக்கலாம்.

நூற்றுக்குச் சுமார் 58 பேர் 'வேண்டும்' என்றார்கள். அதே சீட்டில் ஜனாதிபதி பதவிக்கு, குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு விழுந்த ஓட்டும் நூற்றுக்குச் சுமார் 58! கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேரில் 58 பேர் இதற்கு, 58 பேர் அதற்கு என்றால், குறைந்தது 16 பேராவது இரண்டுக்கும் ஓட்டளித்திருக்க வேண்டுமல்லவா?

பிறகு நடந்ததைக் கேளுங்கள். மாநிலச் சட்டசபையிலும் குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை. லீவுச் சட்டம் முதலாளிகளுக்குப் பாரம் என்று சொல்லி, 2025-இல் அதை ரத்துச் செய்துவிட்டார்கள். மே 1-ஆம் தேதி பிறந்த சலுகை ஆகஸ்டு 28-ஆம் தேதி மறைந்தது. 15 டாலர் கூலி தப்பியது. ஆனால் விலைவாசியோடு ஆண்டுதோறும் கூலியும் ஏறும் என்ற ஷரத்து போய்விட்டது. தாங்கள் கேட்டு வாங்கியதைத் தங்கள் கட்சியே பறித்துக்கொண்டது!

'அசட்டு ஜனங்கள்' என்று சிரித்துவிடாதீர்கள். கட்சி என்பது ஒரு பெரிய மூட்டை. மதம், வரி, துப்பாக்கி உரிமை என்று எத்தனையோ சரக்கு அதில் இருக்கும். ஒன்று பிடிக்கவில்லை என்பதற்காக மூட்டையையே உதற முடியுமா?

ஆனால் பற்று கண்ணையும் மறைக்கும். ஜெஃப்ரி கோஹன் என்ற மனோதத்துவ நிபுணர் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். ஏழைகளுக்கான உதவித் திட்டம் ஒன்றைக் கல்லூரி மாணவர்களிடம் காட்டினார். 'உங்கள் கட்சி ஆதரிக்கிறது' என்றதும், திட்டம் தாராளமானதானாலும் கஞ்சத்தனமானதானாலும் அதன் பக்கமே சாய்ந்தார்கள். கேட்டாலோ, 'கட்சிக்காக இல்லை, திட்டத்தைப் பார்த்துத்தான்' என்று சாதித்தார்கள்!

வாடிக்கை மளிகைக் கடையில் பருப்பு நன்றாக இருக்கிறது, மிளகாய் மட்டம் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கடையை மாற்றாவிட்டாலும், 'மிளகாய் சரியில்லை ஐயா' என்று சொல்லாமல் வருவீர்களா? வாய் திறக்காத வாடிக்கைக்குத்தான் சொத்தைச் சரக்கு வந்து சேரும்.

அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கட்சிப் பெயர்களை மறந்து, உங்கள் குடும்பத்துக்கு வேண்டிய நாலு விஷயங்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஓட்டுக் கேட்டு உங்கள் கட்சிக்காரர் வாசலுக்கு வருவார் அல்லவா? அந்தக் காகிதத்தை முதலில் அவரிடம் நீட்டுங்கள்!