கறுவாவும் தேயிலையும்: ஏகபோகம் பற்றி வியாபாரிகள் அறிய வேண்டியது

கொட்டாஞ்சேனையில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு வுல்பெண்டால் தேவாலயத்தைத் தெரியாமல் இருக்காது. 1749இல் ஒல்லாந்தர் அதற்கு அத்திவாரம் போட்டார்கள். 1757இல் திறந்தார்கள். அந்தக் கட்டிடம் எழுந்த காலத்தில் கொழும்பை ஆண்டது ஓர் அரசன் அல்ல, ஒரு கம்பனி. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி என்பது அதன் பெயர். பங்குதாரர்கள் போட்ட முதலில் நடந்த இந்த நிறுவனத்திடம் கப்பலும் பீரங்கியும் நீதிமன்றமும் இருந்தன. ஒரு வியாபாரியே அரசாங்கமாகவும் இருந்தால் மற்ற வியாபாரிகளின் கதி என்ன என்பதற்கு நமது ஊரிலேயே உள்ள உதாரணம் அது.

ஏகபோகம் என்ற சொல்லை நாம் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். ஒரு பொருளை வாங்கவோ விற்கவோ ஒருவருக்கு மட்டுமே உரிமை இருப்பதுதான் ஏகபோகம். ஒல்லாந்தர் கொழும்பை 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது இதற்காகத்தான். அவர்களுக்கு வேண்டியது கறுவா. நல்ல கறுவா அன்று உலகத்துக்கே இலங்கையிலிருந்துதான் போனது.

கறுவாவுக்குக் காவல்

கறுவாப் பட்டை உரிப்பது சலாகம மக்களின் கட்டாயக் கடமையாக இருந்தது. உரித்த பட்டை முழுவதும் கம்பனியின் களஞ்சியத்துக்கே போக வேண்டும். களவாக உரித்தாலும் விற்றாலும் மரண தண்டனை வரை சட்டம் இருந்தது. ஐரோப்பாவில் விலை இறங்காமல் பார்ப்பதும் கம்பனியின் வேலையாக இருந்தது. சரக்கு மிதமிஞ்சியபோது அதை எரித்தும் இருக்கிறார்கள். 1760இல் அம்ஸ்டர்டாமில் பெருந்தொகை வாசனைத் திரவியங்கள் அப்படித் தீயில் போடப்பட்டன.

கறுவாவோடு நின்றிருந்தால் நம்மவர்கள் எப்படியோ சமாளித்திருப்பார்கள். ஆனால் கொட்டைப்பாக்கு ஏற்றுமதி, இந்தியாவிலிருந்து வரும் புடவை, யானை ஆகியவற்றிலும் கம்பனி கைவைத்தது. காயல்பட்டினம், கீழக்கரைக் கரைகளோடு நமது சோனக வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வியாபாரம் இவற்றில்தான் இருந்தது. புடவையைக் கொண்டுவந்து கொட்டைப்பாக்கை ஏற்றிப் போவார்கள். அது தடைப்பட்டபோது அவர்களுடைய கையும் காலும் கட்டப்பட்டது போலாயிற்று.

இதோடு வேறு இரண்டு சுமைகளும் இருந்தன. ஒன்று ஊழியம். சோனகரையும் செட்டிகளையும் வெளியார் என்று பதிந்து, கம்பனிக்கு வேலை செய்து கொடுக்க வேண்டும் அல்லது அதற்குப் பதிலாகப் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். மற்றது குடியிருப்பு. கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடும் காணியும் வைத்திருக்கக் கூடாது என்று 1747இல் ஒல்லாந்தர் தீர்மானம் எடுத்தார்கள். அந்தத் தடை ஆங்கிலேயர் காலத்தில் 1832இல்தான் நீங்கியது. இன்று மெயின் வீதியிலும் கெய்சர் வீதியிலும் கடைப் பலகை மாட்டியிருக்கும் நமது சகோதரர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மலைக்குப் போன வழி

அப்படியும் நம்மவர்கள் வியாபாரத்தை விட்டுவிடவில்லை. கரையில் இடம் குறுகியபோது உள்நாட்டுப் பாதையைப் பிடித்தார்கள். தவளம் என்று சொல்லப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களில் உப்பும் கருவாடும் கண்டி இராச்சியத்துக்கு ஏறின. கொட்டைப்பாக்கு கீழே இறங்கியது. கரையோரத்தில் கம்பனியின் கண்ணுக்குத் தப்பியும் சரக்குகள் போய் வந்தன. கண்டி மன்னர்களும் நமது மக்களுக்கு இடம் கொடுத்தார்கள். சிங்களக் கிராமங்களின் நடுவே இன்றும் இருக்கும் நமது ஊர்கள் பலவற்றுக்கு அன்றைய மன்னர்களின் ஆதரவு ஒரு காரணம்.

ஏகபோகத்தால் கம்பனிக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. கறுவாவுக்காக மக்களின் தோட்டங்களிலும் சேனைகளிலும் கைவைத்ததால் 1760இல் கரையோர மக்கள் கிளர்ந்தார்கள். கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அவர்களுக்குத் துணை நின்றார். போர் மூண்டது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைப் பிடித்தார்கள், ஆனால் அங்கே நிலைத்திருக்க முடியாமல் திரும்பினார்கள். 1766இல் செய்த ஒப்பந்தத்தால் கண்டி தன் கரை முழுவதையும் இழந்தது. காட்டுக் கறுவாவை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்தைப் போரில் கண்டுகொண்ட கம்பனி, ஆளுநர் பால்க் காலத்தில், 1769இல், மருதானையில் கறுவாவைப் பயிராகவே நட்டது. கொழும்பு 7ஐ நாம் இன்றும் கறுவாத்தோட்டம் என்று அழைப்பது இந்தக் கறுவாப் பயிரை வைத்துத்தான்.

மலிவான தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

இதே வருடங்களில் உலகத்தின் மறுபக்கத்தில், ஆங்கிலேயர் ஆண்ட அமெரிக்கக் குடியேற்றங்களில், இதே பிரச்சினை வேறு உருவத்தில் வந்தது. 1763இல் முடிந்த ஏழாண்டுப் போரில் பிரித்தானியா பெருங்கடன் பட்டிருந்தது. அதை ஈடுகட்ட 1764இல் சீனி மீதும் 1765இல் முத்திரை என்ற பெயரிலும் வரி போட்டார்கள். அமெரிக்க வியாபாரிகள் ஒன்றுகூடி, பிரித்தானியச் சரக்கை இறக்குமதி செய்வதில்லை என்று உடன்பட்டார்கள். 1766இல் முத்திரை வரி வாபஸ் ஆனது.

வியாபாரிகள் நுணுக்கமாகக் கவனிக்க வேண்டியது 1773இல் வந்த தேயிலைச் சட்டத்தை. அதுவரை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி தன் தேயிலையை லண்டனில் ஏலத்தில் விற்கும். மொத்த வியாபாரிகள் அதை எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். அங்குள்ள இறக்குமதியாளர் வாங்கிச் சில்லறைக் கடைகளுக்குக் கொடுப்பார். புதிய சட்டம் இந்தக் கைகளை எல்லாம் தாண்டி, கம்பனி தானே தெரிந்தெடுத்த ஒருசில முகவர்களுக்கு நேரடியாகச் சரக்கை அனுப்ப அனுமதித்தது. இறாத்தலுக்கு 3 பென்ஸ் வரி இருந்தும் தேயிலை முன்பைவிட மலிவாக இருந்தது.

மலிவென்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அங்குள்ள வியாபாரிகள் அப்படி எண்ணவில்லை. இன்று தேயிலை என்றால் நாளைக்கு எல்லாச் சரக்கும் இப்படியே வரும், தாங்கள் வெளியே நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். தங்களைக் கேட்காமல் போட்ட வரி என்ற கோபமும் சேர்ந்தது. 1773 டிசம்பர் 16ஆம் திகதி இரவு பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. அது சீனத் தேயிலை. நமது நாட்டில் தேயிலைத் தோட்டம் 1867இல்தான் தொடங்கியது.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குள் களவாக வந்த தேயிலையில் பெரும்பகுதி ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. கொழும்பில் கறுவாவுக்குக் காவல் போட்டு மற்றவர்களின் வியாபாரத்தைத் தடுத்த அதே கம்பனி ஹொலண்டில் ஏலத்தில் விற்ற தேயிலை, பொஸ்டன் பக்கத்தில் தடையை மீறி விற்பனையானது. ஏகபோகம் வேலி கட்டும் இடத்தில் களவுப் பாதையும் திறக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

முடிவில் இந்தக் கம்பனிகளும் நிலைக்கவில்லை. 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தார்கள். கடனில் மூழ்கிய ஒல்லாந்தக் கம்பனி 1799உடன் கலைந்தது. கறுவா ஏகபோகத்தை ஆங்கிலேயரும் சில காலம் நடத்திப் பார்த்து 1833இல் கைவிட்டார்கள். அதற்குள் வேறு நாடுகளின் மலிவான பட்டை சந்தையைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

நமக்கு என்ன?

இன்று பீரங்கியோடு யாரும் வருவதில்லை. ஆனால் பொஸ்டன் தேயிலையின் கதை வெள்ளவத்தைக் காலி வீதியிலும் நடக்கலாம். என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெரிய நிறுவனம் தன் சரக்கை எனக்கு நல்ல கொமிஷனோடு பல வருடம் தந்தது. விற்பனை ஊன்றியதும் என் கடைக்கு நாலு கடை தள்ளித் தன் சொந்தக் காட்சியறையைத் திறந்தது. நான் வாங்கிய விலைக்கே அங்கே சில்லறையில் விற்றார்கள். நான் தப்பியதற்குக் காரணம், வேறு மூன்று பேரின் சரக்கும் என் தட்டில் இருந்ததுதான்.

எனவே ஒவ்வொரு வியாபாரியும் மூன்று கேள்விகளைத் தன்னிடமே கேட்க வேண்டும். என் கொள்வனவில் பாதிக்கு மேல் ஒரே கையிலிருந்து வருகிறதா? என் வாடிக்கையாளரின் பெயரும் தேவையும் எனக்குத் தெரியுமா, கம்பனியின் விற்பனைப் பிரதிநிதிக்குத்தான் தெரியுமா? எங்கள் உடன்பாடு எழுத்தில் இருக்கிறதா? 2020இலும் 2022இலும் அரசாங்கம் டொலர் நெருக்கடியால் இறக்குமதிகளை நிறுத்தியபோது, ஒரே சரக்கை நம்பியிருந்த கடைகள்தான் முதலில் கஷ்டப்பட்டன. உள்ளூர் உற்பத்தியையும் தட்டில் வைத்திருந்தவர்கள் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

கடைசியாக நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பால்மாவும் காஸும் தட்டுப்பாடான நாட்களில் சரக்கைப் பின்னறையில் வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருந்தவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள், நம்மிலும் இருந்தார்கள். அது அம்ஸ்டர்டாமில் கறுவாவை எரித்த புத்திதான், அளவில் சிறியது, அவ்வளவுதான். பதுக்கலை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது. பெரிய கம்பனியின் ஏகபோகத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமை வேண்டுமானால், நமது தெருவில் நாம் ஒரு சின்னக் கம்பனியாக மாறாமல் இருக்க வேண்டும். தவளம் ஓட்டிய நமது மூதாதையர் துறைமுகங்கள் மூடிய காலத்திலும் பிழைத்தது, உப்பு வாங்கிய கிராமத்தவர் அடுத்த பயணத்திலும் அவர்களை நம்பி வாங்கியதால்தான்.