சத்தமில்லாத பாட்டு

ஒரு பாட்டுக் கோப்பு. அதற்குள் துளிகூடச் சத்தம் இல்லை. நம்ப முடிகிறதா, நேயர்களே?

களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை. அந்தப் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களுக்குச் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று குரலுக்கொரு வரி வேண்டும். முன்பெல்லாம் காதால் கேட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டும். இப்போது கீபோர்டில் வாசித்ததை ‘மிடி’ கோப்பாகச் சேமித்தால் போதும். ‘மிடி’ என்பது 1983-இல் வந்த ஏற்பாடு. அந்தக் கோப்பில் பதிவாவது ஒலி அல்ல. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி வாசித்தோம் என்ற குறிப்பு மட்டுமே. மியூஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால், ஐந்து கோட்டில் ஸ்வரங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

ஒன்று மட்டும் கவனம். கை கொஞ்சம் முந்திப் பிந்தினாலும் நீண்ட ஸ்வரம் துண்டு துண்டாக விழும். அதனால் மெட்ரோனோமை ஓடவிட்டு, தாளம் பிசகாமல் வாசியுங்கள்!