இறங்கத் தெரியுமா உங்கள் பிரேக்குக்கு?

மலை சைக்கிளில் ஏறுவது காலின் வேலை. இறங்குவது குழாய்க்குள் இருக்கும் சில மில்லி எண்ணெயின் வேலை.

கோடை மாதங்களில் லே நகரத்தில் தினமும் காணும் காட்சி இது. ஜீப் கூரையில் ஏழெட்டு சைக்கிள்கள், சக்கரம் வானத்தைப் பார்த்தபடி. உள்ளே பெங்களூர், புனே, சென்னையிலிருந்து வந்த இளைஞர்கள். கர்துங் லா கணவாயில் இறக்கிவிட்டால் போதும். அங்கிருந்து 39 கி.மீ. தூரம் ஏறக்குறைய மிதிக்காமலேயே ஊர் வந்து சேரலாம்.

கணவாயின் பெயர்ப்பலகை பல ஆண்டுகளாக 18,380 அடி என்று பெருமையடித்துக்கொண்டது. செயற்கைக்கோள் உதவியுடன் அளந்தபோது உயரம் 5,359 மீட்டர்தான், அதாவது சுமார் 17,580 அடி என்று தெரியவந்தது. இருந்தாலும் என்ன? 3,500 மீட்டரில் இருக்கும் லேவுக்கு இறங்க 1,850 மீட்டர் சரிவு பாக்கி இருக்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி கிட்டத்தட்ட அரை யூனிட் மின்சாரம். எதிர்க்காற்றும் டயரும் ஒரு பங்கை விழுங்கிவிடும். மீதியெல்லாம் உள்ளங்கை அகல இரும்புத் தகடுகள் இரண்டில் சூடாக மாறியாக வேண்டும்.

நல்ல மலை சைக்கிள்களில் இன்று ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்தான் ராஜா. கைப்பிடியை அழுத்தினால் குழாயில் உள்ள திரவம் சக்கரத்தருகே இருக்கும் காலிப்பரின் பிஸ்டன்களைத் தள்ளும். அவை இரு பக்கமும் பிரேக் கட்டைகளைத் தகட்டின் மீது இறுக்கும். திரவம் சுருங்காது என்பதால் ஒரே விரலின் அழுத்தம் பல மடங்காகிப் போய்ச் சேருகிறது. கேபிள் பிரேக்கைப் போல அடிக்கடி முறுக்கிச் சரிசெய்யத் தேவையில்லை; கட்டை தேயத் தேய பிஸ்டன் தானாகவே முன்னே வந்துவிடும்.

ஆனால் திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாய்க்குள் ஒரு குமிழி புகுந்தால் போதும், கைப்பிடி பஞ்சு போலாகிவிடும். இரண்டு மூன்று முறை படபடவென்று அழுத்தியதும் கொஞ்சம் கெட்டியாகிறதா? காற்றேதான். சிரிஞ்ச் வைத்து 'ஏர் எடுத்தால்' சரியாகிவிடும். தலைகீழாக ஜீப்பில் வந்த சைக்கிள்களில் இந்தத் தொல்லை சகஜம். கைப்பிடியருகே உள்ள சிறு தொட்டியில் மிச்சமிருக்கும் காற்று கவிழ்ந்த நிலையில் குழாய்க்குள் நழுவிவிடும். நிமிர்த்தி வைத்துப் பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பார்க்காமல் சரிவில் இறங்குவது அசட்டுத் துணிச்சல்.

கிளம்பும்போது நன்றாக இருந்து பாதி இறக்கத்தில் கைப்பிடி முழுவதும் உள்ளே போய்விட்டால் விஷயம் வேறு. திரவம் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும்.

எந்தத் திரவம் என்ற கேள்வி இங்குதான் வருகிறது. மோட்டார் வாகனங்களில் ஊற்றும் 'டாட்' ரகம் ஒன்று, மினரல் ஆயில் இன்னொன்று. டாட் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தபட்சம் 230 டிகிரி செல்ஷியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். பெயின்ட்டின் மீது சிந்தினால் அரித்துவிடும். மினரல் ஆயில் சாதுவானது, ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் எப்படியோ உள்ளே புகுந்த தண்ணீர் கலக்காமல் அடியில், சூடு அதிகமுள்ள காலிப்பரில் போய்த் தங்கும். கர்துங் லா உயரத்தில் தண்ணீர் 80 டிகிரியைச் சற்றே தாண்டியதும் கொதித்துவிடும்.

ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ ஆகியவை மினரல் ஆயில் கட்சி. ஹோப், ஹேய்ஸ் டாட் கட்சி. ஸ்ராம் நெடுங்காலம் டாட் பக்கம் இருந்துவிட்டு 2022ல் டிபி8, 2024ல் மேவன் என்று மினரல் ஆயில் பிரேக்குகளையும் கொண்டுவந்தது. ஆகவே கம்பெனிப் பெயரை நம்ப முடியாது. தொட்டி மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்காகச் செய்த ரப்பர் சீல் மற்றதைத் தாங்காது. ஊதிப்போய் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், அல்லது ஒழுகத் தொடங்கும். டாட் 4 எந்த ஊர் மோட்டார் பைக் கடையிலும் கிடைக்கும், மினரல் ஆயிலுக்கோ நல்ல சைக்கிள் கடையைத் தேட வேண்டும். அவசரத்துக்கு எதையாவது ஊற்றும் ஆசை பிறப்பது இதனால்தான். அப்படி ஊற்றினால் பிரேக்கை மொத்தமாக மாற்ற நேரிடலாம்.

வாரக்கடைசியில் ஊர் அருகே மலையேறுபவருக்கு மினரல் ஆயிலே சௌகரியம். பையில் ஒரு சிறு புட்டி உபரியாக இருந்தால் போதும். மணாலியிலிருந்து லேவுக்கோ ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கோ துணை வண்டியின்றிப் போகிறவர், நல்ல கேபிள் டிஸ்க் பிரேக்கைக் கேவலமாக நினைக்க வேண்டாம். உபரி கேபிள் சுருட்டி வைத்தால் உள்ளங்கையில் அடங்கும், ரோட்டோரத்திலேயே மாற்றலாம்.

வாங்கும்போது பலர் பிராண்டைப் பார்க்கிறார்கள், தகட்டின் அளவைப் பார்ப்பதில்லை. 160 மி.மீ. தகடு சமவெளிக்குச் சரி. மலைக்கு முன்சக்கரத்திலாவது 180 தேவை; கனமான ஆளென்றால் 203. அதே விரல் அழுத்தத்துக்கு 203 தரும் பிடி, 160ஐவிடக் கால் பங்குக்கும் மேல் அதிகம். சூட்டைச் சிதறடிக்கப் பரப்பும் அதிகம். ஃபோர்க் எந்த அளவு வரை தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டையிலும் இரண்டு ரகம்: ரெசின் சத்தமின்றிப் பிடிக்கும், சேற்றில் சீக்கிரம் கரையும். உலோகக் கட்டை நீண்ட இறக்கத்தைத் தாங்கும், கிறீச்சிடும். சில மலிவுத் தகடுகளில் ரெசின் கட்டை மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருப்பார்கள், அதை மீறக்கூடாது.

கிறீச்சொலி எப்போதுமே ஆபத்தல்ல. கூடவே பிடியும் குறைந்தால் கட்டையில் எண்ணெய் பட்டிருக்கிறது. தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். ஊறிப்போன கட்டையை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருப்பதைவிடத் தூக்கியெறிவதே மேல். தேய்மானப் பொருள் ஒரு மி.மீ.க்குக் குறைந்தாலும் அதே கதிதான். இன்னொரு சங்கதி: சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது கைப்பிடியைத் தொடாதீர்கள். கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தகடு நுழைய இடமிருக்காது. ஒரு அட்டைத் துண்டைச் செருகி வைத்தால் இந்த வம்பே இல்லை.

இனி இறக்கம். கணவாயிலிருந்து சவுத் புல்லு சோதனைச் சாவடி வரையிலான 15 கி.மீ.யில்தான் கரடுமுரடு அதிகம். பயத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் தகடு ஆற நேரமே கிடைக்காது. வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுக்க விட்டுவிடுங்கள். சாவடியில் நிற்கும்போது தகட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் வெந்துவிடும். தண்ணீரும் ஊற்றாதீர்கள்: திடீர்க் குளிர்ச்சியில் தகடு வளைந்தால், மிச்சமுள்ள 24 கி.மீ.யும் உரசிக்கொண்டேதான் வரும்.